மூன்று நாள் மாத்திரை

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நோயின் பெயரையும் சொல்வதில்லை, மருந்தின் பெயரையும் சொல்வதில்லை. "அக்கா, அந்த மூன்று நாள் மாத்திரை கொடுங்கள்" என்பார்கள். எனக்குப் புரிந்துவிடும். அசித்ரோமைசின் 500. அட்டைக்கு மூன்று மாத்திரை, நாளுக்கு ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் ரேஷன் அரிசிக்கு அடுத்தபடியாக எல்லாருக்கும் பழக்கமான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

தென்காசி மாவட்டத்தில், கடை வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும் ஊர் எங்களுடையது. கடை அப்பா தொடங்கியது. நான் டி.பார்ம். முடித்துவிட்டு 2008-இல் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இந்தப் பதிவு 2023 மார்ச் மாதத்தைப் பற்றியது. ஃப்ளூ காய்ச்சல் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிய மாதம். எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஏனென்றால் அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

மாசிக் கடைசியில் எங்கள் பக்கம் பகலில் வெயில் கொளுத்தும், விடியற்காலையில் போர்வை தேவைப்படும். அந்த நாட்களில் நாலைந்து பேர் இருமிக்கொண்டு வருவது வழக்கம்தான். அந்த ஆண்டு வந்த கூட்டம் வேறு மாதிரி இருந்தது. காலையில் கதவைத் திறக்குமுன் ஏழெட்டுப் பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு முறித்துப் போட்டது போல வலி, தொண்டையில் முள், 102, 103 என்று ஏறும் காய்ச்சல். "திரும்பவும் கொரோனாவா அக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள், சத்தமாகக் கேட்டால் வந்துவிடும் என்பது போல. செய்திகளில் எச்3என்2 என்றார்கள். புதிதாக முளைத்ததில்லை. 1968-இல் ஹாங்காங்கில் கிளம்பி உலகைச் சுற்றிய வைரஸ் குடும்பம்தான், ஆண்டுக்கு ஆண்டு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. மார்ச் 10 அன்று தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் இடங்களில் அரசு காய்ச்சல் முகாம் நடத்தியது. கர்நாடகத்திலும் அரியானாவிலும் தலா ஒருவர் இறந்த செய்தியும் அதே நாளில் வந்தது. அன்று மாலை முகக்கவசம் ஒரு பெட்டி தீர்ந்துவிட்டது.

அதற்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 3 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. எனக்கு அது வாட்ஸ்அப்பில் வந்தது. காய்ச்சல் மூன்றாம் நாள் முடிவில் இறங்கிவிடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம், அறிகுறிக்கு மட்டும் மருந்து போதும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றது. மக்கள் அளவும் வேளையும் இல்லாமல் அசித்ரோமைசினையும் அமாக்சிகிளாவையும் விழுங்குகிறார்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். என் கடை அலமாரியின் இரண்டாம் தட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது.

அந்த அறிவிப்பைப் படித்தபோதுதான் ஒரு கணக்கு எனக்கு உறைத்தது. காய்ச்சல் மூன்று நாள். மாத்திரையும் மூன்று நாள். ஆட்கள் வருவது பெரும்பாலும் இரண்டாம் நாள். இரண்டாவது மாத்திரை உள்ளே போகும்போது காய்ச்சல் தானாகவே மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். பெயர் மட்டும் மாத்திரைக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதுதான். எங்கள் பக்கம் பனையும் அதிகம், காக்கையும் அதிகம்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்வது, ஃப்ளூ வைரஸை அது தொடக்கூடத் தொடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? முதலாண்டுப் பாடம். அப்படியிருந்தும் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்காக அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அந்தக் கோட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று பிரச்சாரமே செய்தது. எங்கள் ஊரில் அந்தக் கோடு கண்ணில் பட்ட ஒரே ஆள் நான்தான். நான் கொடுக்காவிட்டால் தெரு முனையில் இருப்பவர் கொடுப்பார் என்பது என் நியாயம். அவருடைய நியாயமும் என்னைக் காட்டித்தான் இருந்திருக்கும்.

என்னை மாற்றியது வேறு ஒரு காகிதம். 2023 பொங்கல் கழிந்ததும், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், சிறுநீர்த் தொற்றுக்காகத் திருநெல்வேலியில் எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். எந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கும், எது கேட்காது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று இறங்கியது. அடியில் இரண்டே இரண்டு எஸ். இரண்டும் ஊசி மருந்து, பத்து நாள் படுக்கை. சளி பிடித்தால் முதல் ஆளாக மூன்று நாள் மாத்திரை கேட்கிறவர் அவர்தான். கொடுத்தவள் நான்தான். அடிக்கடி விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் இவருக்கு இப்படி ஆனது என்று ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை அவர் கையில் திருப்பிக் கொடுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே மார்ச்சில் கூட்டம் வந்தபோது ஒரு முடிவோடு நின்றேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், கஞ்சி, தண்ணீர், ஓய்வு. மூன்று நாள் மாத்திரை சீட்டு இல்லாமல் கிடையாது.

இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால்தான் தெரியும். நூறு ரூபாயை நீட்டுகிறவரிடம் பத்து ரூபாய்க்கு மாத்திரை கொடுத்து மீதியைத் திருப்பித் தந்தால் அவர் மகிழ்ச்சி அடைவதில்லை, சந்தேகப்படுகிறார். "சரக்கு இல்லையா அக்கா?" என்றார் ஒருவர். "பழைய கணக்கு ஏதும் பாக்கி இருக்கிறதா?" என்று இன்னொருவர். அப்பாவே பேப்பருக்கு மேல் கண்ணை உயர்த்திப் பார்த்தார். பத்து அட்டை எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி தலையில் கட்டிவிட்டுப் போயிருந்த சரக்கு வேறு உள்ளே அப்படியே இருந்தது.

மார்ச் 11, சனிக்கிழமை, ஓர் அம்மா வந்தார். மகனுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். திங்கட்கிழமை பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. "ஊசி போட்டால் எழுந்துவிடுவானா? மூன்று நாள் மாத்திரையை இரண்டே நாளில் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். பெரும்பாலும் ஞாயிறு இரவு, திங்கள் காலையில் காய்ச்சல் இறங்கிவிடும், பயப்படாதீர்கள் என்றேன். காய்ச்சல் மாத்திரை போடாமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது வழிகாட்டுதல். பிளஸ் டூ மாணவனின் அம்மாவிடம் அதை எந்த வாயால் சொல்வது? முகக்கவசம் போட்டு அனுப்புங்கள், ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். தேர்வெண்படிதான் இடம் என்பது சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது. அவர் பாரசிட்டமாலை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கி, நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே, தெருமுனைக் கடைக்குப் போனார்.

பையன் தேர்வு எழுதினான். திங்கள் காலை காய்ச்சல் இல்லை. பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்து, "அந்தக் கடை மாத்திரைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது, நீ தரவில்லையே" என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்ன அதே திங்கட்கிழமை. வெறும் வாயால் சொன்னதற்கு மதிப்பு இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் மருந்துக் கவரில் எழுதத் தொடங்கினேன். எப்போதும் போல 1-0-1 என்று வேளை எழுதுவதோடு நிறுத்தாமல், என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று கேட்டு, விரல்விட்டு எண்ணி, "வெள்ளிக்கிழமைக்குள் இறங்க வேண்டும்" என்று நாளைப் போட்டேன். பின்பக்கத்தில், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்க நிலை, சளியில் ரத்தம், நகமும் உதடும் நீலம், குழந்தை பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் வெள்ளிவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி என்று எழுதினேன். ஒரு நாளைக்கு அறுபது கவர். கை ஓய்ந்தது. தென்காசிக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவந்தேன். நூற்றெண்பது ரூபாய். அந்த ஆண்டு கடைக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். வாயால் சொன்னபோது காதில் வாங்காதவர்கள் அச்சைப் பார்த்ததும் கவரை மடித்து மேல்பையில் வைத்தார்கள். "சீல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு ஆச்சி தன் மருமகளிடம் பத்திரப் பதிவு ஆனது போலச் சொல்லிக்கொண்டு போனார்.

இனி என் தவறு.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும். மதியம் ஏதாவது ஒரு திண்ணையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சுற்றுவார்கள், நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் எல்லாருக்கும். நோய் வந்தால் வீட்டில் இருங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. இவர்களுக்கு வீடுதான் வேலை செய்யும் இடம். இருந்தாலும் சுற்றத்தான் செய்வார்கள். காய்ச்சலோடு ஒருத்தி வட்டத்தில் உட்கார்ந்தால் நாலாம் நாள் வட்டம் முழுக்கக் காய்ச்சல். வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்காருங்கள், சொம்பைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் நான் என்ன சொல்ல? இன்னொன்றும் உண்டு. இருமல் இருக்கிறதா என்று கேட்டால் "அது எப்போதும் இருக்கிறதுதானே" என்பார்கள். தூள் ஏறிய நெஞ்சு அவர்களுடையது. எது பழைய இருமல், எது புதிய இருமல் என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் வந்தாள். "மதினிக்குக் காய்ச்சல், இரண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்கள் அக்கா." நேற்று இரவு தொடங்கியது என்றாள். பாரசிட்டமால் கொடுத்தேன். கவரில் நாளைப் போட்டேன். ஆன்டிபயாடிக் கேட்காத வீடு என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மறுநாள் மாலை கிராம சுகாதார செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை பற்றி ஏதோ கேட்க வந்தார். பேச்சோடு பேச்சாக அந்த வீட்டைச் சொன்னேன். "எந்த மதினி? ஆறு மாதம் ஆகிறதே, அந்தப் பெண்ணா?" என்றார்.

மத்திய அரசின் ஃப்ளூ வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. 2009 பன்றிக் காய்ச்சல் காலத்தில் வந்த பிரிப்பு. லேசான காய்ச்சலும் இருமலும் ஏ. வீட்டில் இருந்தால் போதும், ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும், பரிசோதனையும் வேண்டாம், ஃப்ளூ வைரஸுக்கான மருந்தாகிய ஓசெல்டாமிவிரும் வேண்டாம். கடும் காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் இருந்தால் பி. அப்புறம், லேசாகவே இருந்தாலும் கர்ப்பிணி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, அறுபத்தைந்து தாண்டியவர், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எல்லாரும் பி. இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவர் ஓசெல்டாமிவிர் தொடங்க வேண்டும். மூச்சுத் திணறல் போன்ற அபாயக் குறி வந்தால் சி, உடனே ஆஸ்பத்திரி. எனக்கு மனப்பாடம். கூட்டத்தில் அதில் ஒரு பாதியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்ன மருந்து வேண்டாம் என்பதிலேயே குறியாக இருந்தவள், யாருக்கு என்று கேட்கவில்லை. மதினி என்றால் நடுவயது என்று மனம் தானாக ஒரு படத்தைப் போட்டுக்கொண்டது. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ எளிதில் நுரையீரலுக்கு இறங்கும். அந்த மருந்தும் முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். செவிலியரும் நானும் கல்லாவில் கிடந்த காலண்டர் தாளில் மணி எண்ணினோம். முந்தாநாள் இரவு பத்து மணிக்குத் தொடங்கியிருந்தால், இப்போது நாற்பத்து நாலு.

ஆட்டோ பிடித்து அவரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இருப்பு இருந்தது. 75 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாள். நான் கடையைப் பூட்டிவிட்டு இரவு அந்த வீட்டுக்குப் போனேன். கொரோனாவில் வாங்கிய ஆக்சிமீட்டர் அவர்கள் பீரோவில் இருந்தது, பேட்டரி செத்துப்போய். புதிது போட்டு விரலில் மாட்டினால் 97. 94-க்குக் கீழே போனால் என்னை எழுப்பாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள் என்றேன். போகவில்லை. ஐந்தாம் நாள் இருமல் மட்டும் மிச்சம். ஆடி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அவர்களுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை, அக்கா வீட்டுக்கே வந்து பார்த்தார்கள் என்று பெருமையாகத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அந்த ஓசெல்டாமிவிருக்கும் எனக்கும் பழைய கதை ஒன்று உண்டு. 2009 ஆகஸ்டில் புனேயிலும் பிறகு சென்னையிலும் குழந்தைகள் இறந்ததும், எங்கள் கடைக்குச் சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் போன் வந்தது, அதன் கம்பெனிப் பெயரான டாமிஃப்ளூ இருக்கிறதா என்று. யாரும் வாங்கிப் பதுக்கிவிடக் கூடாது என்று சில்லறை விற்பனையையே முதலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகும், கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எக்ஸ் பட்டியல் உரிமம் உள்ள கடைகளில்தான் கிடைத்தது. எங்களிடம் அந்த உரிமம் இல்லை. 2017-இல் அதைவிடத் தளர்ந்த எச்1 பட்டியலுக்கு மாற்றிய பின்புதான், சீட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, எங்களைப் போன்ற கடைகளால் கொடுக்க முடிந்தது. 2009-இல் சந்தையில் பன்றிக்கறி விற்கும் அண்ணாச்சி ஒருவர் மூன்று மாதம் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வேகவைத்த கறியால் அந்தக் காய்ச்சல் வராது. உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் கடைசியிலேயே பன்றிக் காய்ச்சல் என்ற பெயரைக் கைவிட்டுவிட்டது. எகிப்தில் அதற்குள் மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவு போட்டுவிட்டார்கள். நம் செய்தித்தாள்கள் இன்றும் பன்றிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன. ஒரு பெயரை இறக்குமதி செய்வது சுலபம், இறக்கி வைப்பதுதான் கடினம் போலும்.

மார்ச் பாதியில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள், 16 முதல் 26 வரை. என் தங்கை அங்கேதான் இருக்கிறாள். பிள்ளைகள் கூடக் கூடாது என்று விடுமுறை விட்டார்கள், அடுக்குமாடியின் அத்தனை பிள்ளைகளும் அவள் வீட்டுக் கூடத்தில் கேரம் விளையாடினார்கள். தமிழ்நாட்டில் மூடவில்லை. எது சரி என்று அவளும் நானும் போனில் சண்டை போட்டதில் மாமியார் தலையிடும்படி ஆகிவிட்டது.

கடைசியில் எனக்கே வந்தது. பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் முன்பு. உத்திரத்தன்று குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. வேனில் பதினெட்டுப் பேர், அதில் எழுபத்துநாலு வயது அப்பா, சர்க்கரை உள்ள சித்தி. உத்திரத்துக்கு முந்தின இரவுதான் என் காய்ச்சல் விட்டது. ஒரு நாள் முழுக்க ஆகவில்லை. "சாஸ்தா பார்த்துக்கொள்வார், ஏறு" என்றார் சித்தி. ஸ்டாம்ப் செய்து ஊருக்கெல்லாம் குத்திக் கொடுத்தவள் எப்படி ஏறுவது? வாசலில் நின்று கையாட்டினேன். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் கொண்டுவந்த சித்தி அதைப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் நின்றே, "இப்போது திருப்தியா?" என்று கேட்டார். பொங்கலில் நெய் கொஞ்சம் தூக்கல்.

தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள். ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை போட வேண்டும், வைரஸ் மாறுவதால் அதையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் சொன்ன பி வகை ஆட்கள் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு ஊசியின் விலை ஒரு வாரப் பீடிக் கூலிக்கு மேல். அப்பாவுக்கும் சித்திக்கும் மட்டும் வாங்கிப் போட வைத்தேன்.

இலவசமாக வந்த அட்டைகள் காலாவதி ஆகித் திருப்பி அனுப்பப்பட்டன. தெருமுனைக் கடையில் இன்னும் கிடைக்கிறது. என் வியாபாரத்தில் கொஞ்சம் அங்கே போய்விட்டது, அதில் கொஞ்சம் திரும்பியும் வந்திருக்கிறது.

இன்று காலை ஒரு தம்பி வந்தான். மழை நனைந்த சட்டை, கண் சிவந்திருந்தது. "அக்கா, மூன்று நாள் மாத்திரை."

"யாருக்கு?"

"தாத்தாவுக்கு."

"என்றைக்குத் தொடங்கியது?"

அவன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான். நான் செவிலியரின் எண்ணைத் தேடினேன்.